நோய் தாங்கும் விதை வேண்டுமா? தாயையும் தகப்பனையும் விசாரியுங்கள்

மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் முதன்முதலாக நெல் வைக்கிறவர்கள் விதை வாங்கப் போனால் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள்: எத்தனை நாள் பயிர், ஏக்கருக்கு எத்தனை மூடை, அரிசி சன்னமா மோட்டாவா. திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் மானாவாரியில் சோளம், குதிரைவாலி, மக்காச்சோளம் போடுகிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். இந்த விதை எந்தத் தாய்க்கும் எந்தத் தகப்பனுக்கும் பிறந்தது, அதைச் சுமந்த செடி வயலில் எப்படி நின்றது என்று கேட்பவர் குறைவு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சாண நோய் இறங்கும்போது பயிர் தாங்குமா தாங்காதா என்பது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

மதுரைப் பக்கம் புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்களுக்காக, விதையைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி சொந்தமாக விதை எடுப்பது வரை இங்கே எழுதுகிறேன். நெல்லைப் பற்றி அதிகம் இருக்கும். பெரியாறு, வைகைப் பாசனத்தில் நம் முக்கியப் பயிர் அதுதான். சோளம், கம்பு போடுகிறவர்களுக்கும் வேண்டியது இடையிடையே வரும்.

எது யாரிடமிருந்து வருகிறது

ஒரு நெல்மணியை எடுத்து நகத்தால் உரித்துப் பாருங்கள். மேலே இருக்கும் உமி தாய்ச் செடியின் பூவில் இருந்த பாகம். அதற்குள் அரிசியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய பழுப்புத் தோலும் தாயின் உடம்புதான். தகப்பனின் மகரந்தம் எந்த ரகத்திலிருந்து வந்திருந்தாலும் இந்த இரண்டும் மாறாது. உள்ளே இருக்கும் வெள்ளை மாவில் தாய்க்கு இரண்டு பங்கு, தகப்பனுக்கு ஒரு பங்கு. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன முளைக் கருவில்தான் இருவருக்கும் சரிபாதி. நாளைக்குச் செடியாக வளரப்போவது அந்தக் கருதான்.

இதிலிருந்து மூன்று வகைச் சொத்து பிள்ளைக்குப் போகிறது. முதலாவது மரபணுக்கள், இவை இரு பக்கத்திலிருந்தும் வரும். நெல்லைத் தாக்கும் பூஞ்சாண நோயான குலைநோய்க்கு எதிர்ப்பு தரும் மரபணு தாயிடம் இருந்தாலும் தகப்பனிடம் இருந்தாலும் அதன் வேலை ஒன்றுதான். இரண்டாவது, செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே இருக்கும் சைட்டோபிளாசம். இது தானியப் பயிர்களில் ஏறத்தாழ முழுக்கத் தாய்வழிச் சொத்து. மூன்றாவது தாயின் உடல்நிலை. மணி எவ்வளவு திரட்சியாக இருக்கிறது, உமி எவ்வளவு உறுதியாக இருக்கிறது, எந்தப் பூஞ்சாணம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பதெல்லாம் இதில் சேரும். ரகம் ஒன்றாகவே இருந்தாலும் வயலுக்கு வயல் இது மாறும்.

புதிதாக வருகிறவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எளிதில் குலைநோய் பிடிக்கும் ஒரு ரகத்தில் பச்சைப்பசேல் என்று நிற்கும் நாலு செடியைப் பார்த்து விதை எடுத்துவிட்டு, இனி நோய் வராது என்று நம்புவார்கள். அந்தச் செடிக்குப் பூஞ்சாண வித்து போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அதில் கிடைப்பது சுத்தமான விதை; எதிர்ப்புள்ள விதை வேறு. இன்னொரு பக்கம், எதிர்ப்புள்ள ரகம்தானே என்று செம்புள்ளி படிந்த மணியை விதைக்கு வைத்து நாற்றங்காலிலேயே நாற்றை இழப்பவர்களும் உண்டு.

முதல் படி: உங்கள் வயலில் வருவது எந்த நோய்?

பெயர் தெரியாமல் பெற்றோரை விசாரித்துப் பயனில்லை. ஒரு ரகம் ஒரு நோயைத் தாங்கும், இன்னொன்றுக்கு விழுந்துவிடும்.

குலைநோய் என்றால் இலையில் கண் வடிவப் புள்ளி: இரு முனையும் கூர்மை, நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் பழுப்பு விளிம்பு. இதே பூஞ்சாணம் கதிர் வெளிவந்த பிறகு கழுத்தில் பிடித்தால் கணு கறுத்து, கதிர் முறிந்து தொங்கும். மணி பிடிக்காமல் வெளுத்துப்போகும். குருத்துப்பூச்சி தாக்கினாலும் வெண்கதிர் வரும் என்பதால் பலர் ஏமாறுவார்கள். கதிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பூச்சி என்றால் சுலபமாகக் கையோடு வந்துவிடும், அடியில் கடித்த அடையாளம் இருக்கும். குலைநோய் என்றால் கழுத்தில் கறுப்பு இருக்கும்.

செம்புள்ளி நோயில் எள் அளவுக்கு நீள்வட்டப் பழுப்புப் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம். மணியிலும் வரும். மண்ணில் சத்து, குறிப்பாகச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைந்த இடத்தில் இது அதிகம். இலையுறை கருகல் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் தொடங்கி, பாம்புச் சட்டை மாதிரி திட்டுத்திட்டாக மேலே ஏறும். நெற்பழ நோயில் கதிரில் அங்கொன்று இங்கொன்றாக மணிகள் மஞ்சள் உருண்டையாகிப் பிறகு கரும்பச்சையாக மாறும்.

இவற்றில் பெற்றோரைப் பார்த்து மிக அதிகமாகப் பயன் பெறக்கூடியது குலைநோய். 100-க்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களை அதற்கு எதிராக அடையாளம் கண்டிருக்கிறார்கள். இலையுறை கருகலுக்கு முழு எதிர்ப்பு தரும் ஒற்றை மரபணு எந்த நெல்லிலும் கிடைக்கவில்லை. ஓரளவு தாங்கும் ரகங்கள்தான் உண்டு. அதன் பூஞ்சாணக் கட்டிகள் மண்ணிலேயே கிடப்பதால் சுத்தமான விதையும் அதைத் தடுக்காது. அந்த நோய்க்கு இடைவெளி, தழைச்சத்து அளவு, தண்ணீர் நிர்வாகம் ஆகியவற்றில்தான் கவனம் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: ரகத்தின் பெற்றோரைப் படியுங்கள்

கடையில் போய், "அண்ணே, இது குலைநோய் தாங்குமா?" என்று கேட்டால், "எல்லாம் தாங்கும் தம்பி, கொண்டு போங்க" என்றுதான் பதில் வரும். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் தகவல் அவ்வளவுதான். கேட்க வேண்டிய இடம் வேறு. ஒத்தக்கடையில் இருக்கும் மதுரை வேளாண்மைக் கல்லூரி, அங்கேயே உள்ள வேளாண் அறிவியல் நிலையம், உங்கள் வட்டாரத்தின் வேளாண்மை விரிவாக்க மையம். ஒவ்வொரு ரகத்துக்கும் வெளியீட்டுக் குறிப்பு உண்டு. அதில் "பெற்றோர்" என்ற இடத்தில் இரண்டு பெயர், நடுவில் ஒரு சாய்கோடு அல்லது பெருக்கல் குறி இருக்கும். முதலில் வருவது தாய், அடுத்தது தகப்பன். 1966-ல் வந்த ஐ.ஆர். 8-ஐ பீட்டா / டீ-ஜியோ-வூ-ஜென் என்று எழுதுவார்கள். பீட்டா தாய்; குட்டைத் தன்மையைக் கொடுத்தது தகப்பனான தைவான் ரகம்.

நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஆடுதுறை 43-ஐ எடுத்துக்கொள்வோம். தாய் ஐ.ஆர். 50, தகப்பன் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி. சன்ன அரிசியும் குறைந்த வயதும் இந்தச் சேர்க்கையில் கிடைத்தன. ஆனால் பெற்றோர் இருவருமே குலைநோய்க்கு இளகியவர்கள். எதிர்ப்பு இரு பக்கத்திலும் இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? ஆடுதுறை 43-ம் குலைநோய்க்கு எளிதில் ஆட்படும் ரகமாகவே இருக்கிறது. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பிள்ளையை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்று நம் ஊரில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

அதன் மறுபக்கமும் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 1919-ல் தஞ்சாவூர் டெல்டாவில் குலைநோய் பெரிய அளவில் பரவியது. 1912-ல் தொடங்கிய கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு எதிர்ப்புள்ள ரகத்தைத் தேடினார்கள். கோ 4 நன்றாகத் தாங்கியது. அதை, நோய்க்கு விழுந்துகொண்டிருந்த ஆடுதுறை 10-உடன் சேர்த்து எடுத்ததுதான் கோ 25. பெற்றோரில் ஒருவர் பலவீனமாக இருந்தாலும் இன்னொருவர் கொடுத்த எதிர்ப்பைப் பிள்ளையில் தேர்ந்தெடுத்து நிறுத்த முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்னொரு ரகமான கோ 39 வேறு காரணத்துக்காக உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. குலைநோய் ஆராய்ச்சிக் கூடங்களில், நோய் நிச்சயம் பிடிக்கும் ஒப்பீட்டு ரகமாக அதைத்தான் விதைக்கிறார்கள். நாம் இட்லிக்கு விரும்பும் அம்பை 16 (1986-ல் வெளியானது) ஆடுதுறை 31-க்கும் இந்தக் கோ 39-க்கும் பிறந்தது. இது தெரிந்தால் அம்பை 16 வைக்கும்போது மார்கழிப் பனியில் இன்னும் உன்னிப்பாக வயலைச் சுற்றுவீர்கள். பெற்றோர் பெயரைப் படிப்பதன் பயன் இதுதான்: ரகத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டு ரகங்களையும் சரிசெய்யும் வேலையும் நடந்திருக்கிறது. டெடெப் என்ற வியட்நாம் நெல்லிலிருந்து வந்த பை-54 என்ற குலைநோய் எதிர்ப்பு மரபணுவை ஆடுதுறை 43, அம்பை 16 இரண்டிலும் ஏற்றி, கூடவே பாக்டீரியா இலைக்கருகல், இலையுறை கருகல் எதிர்ப்பையும் சேர்த்துத் தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் 2020-ல் ஆய்வை வெளியிட்டார்கள். இப்படிச் செய்யும்போது பிள்ளையைத் திரும்பத் திரும்ப ஆடுதுறை 43-உடனேயே சேர்த்துக்கொண்டு போவார்கள். அதனால் அரிசியின் தரம் பழைய ரகத்தினுடையதாகவே இருக்கும், எதிர்ப்பு மட்டும் டெடெப்பிலிருந்து வந்திருக்கும். கல்லூரிக்குப் போகும்போது, நம் ரகத்தில் எதிர்ப்பு ஏற்றிய விதை வெளியாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பாரம்பரிய ரகம் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ரகம் என்றாலே நோய் வராது என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1919-ல் டெல்டாவில் நின்றவை எல்லாம் பழைய ரகங்கள்தான். சில பழைய ரகங்கள் பிரமாதமாகத் தாங்கும், சில தாங்காது. அவற்றின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்தாம் படியில் அதற்கு வருகிறேன்.

மூன்றாம் படி: எல்லா முட்டையையும் ஒரே தாயிடம் ஒப்படைக்காதீர்கள்

இரண்டு பழைய சம்பவங்கள் தெரிந்திருந்தால் இது மனதில் பதியும்.

அமெரிக்காவில் 1960-களில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை உற்பத்தியைச் சுலபமாக்க, மகரந்தம் உண்டாகாமல் செய்யும் டெக்சாஸ் ஆண்மலட்டு சைட்டோபிளாசம் உள்ள தாய்ச் செடிகளைப் பயன்படுத்தினார்கள். ஆண் பூவைக் கையால் பிடுங்கும் வேலை மிச்சம். 1970 வாக்கில் அந்த நாட்டு மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் இந்த ஒரே தாய்வழியில் வந்ததாக இருந்தது. தகப்பன்கள் பலவகை, ஆனால் சைட்டோபிளாசம் ஒன்று. அந்தச் சைட்டோபிளாசத்துக்குள் இருந்த மைட்டோகாண்ட்ரியாவை (செல்லுக்குச் சக்தி தரும் பாகம்) ஒரு இலைக்கருகல் பூஞ்சாண வகையின் நச்சு நேராகத் தாக்கியது. அந்த ஒரு வருடத்தில் நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது. தகப்பன் எவ்வளவு நல்லவனாக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டாவது நம் நாட்டிலேயே நடந்தது. 1965-ல் ஹெச்.பி. 1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு வந்தது, அதைத் தொடர்ந்து அதே வரிசையில் மேலும் சில. எல்லாவற்றுக்கும் தாய் ஒன்றுதான்: அமெரிக்காவிலிருந்து வந்த டிஃப்ட் 23ஏ. விளைச்சல் அள்ளிக் கொடுத்தது. ஆனால் அந்தத் தாய் அடிச்சாம்பல் நோய்க்கு, அதாவது கதிர் இலை இலையாக மாறும் பச்சைக்கதிர் நோய்க்கு, மிகவும் இளகியது. 1970-களின் தொடக்கத்தில் நோய் பரவி ஒட்டுக் கம்பையே ஆட்டிவிட்டது. இங்கே கோளாறு சைட்டோபிளாசத்தில் இல்லை, தாயின் உட்கரு மரபணுக்களில்தான். தாயை மாற்றி, எதிர்ப்புள்ள வரிசைகளைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை சீரானது. (அடிச்சாம்பலை உண்டாக்குவது வகைப்பாட்டின்படி உண்மையான பூஞ்சாணம் கிடையாது. வயலில் அதையும் பூஞ்சாண நோயோடு சேர்த்தே பார்க்கிறோம்.)

குலைநோயில் இன்னொரு சங்கடம். பை-54 மாதிரியான ஒற்றை மரபணு எதிர்ப்பு பூட்டுப் போட்ட மாதிரி முழுசாகத் தடுக்கும். ஆனால் பூஞ்சாணம் தன் வகையை மாற்றிக்கொண்டால் சில வருடங்களில் அதைத் தாண்டிவிடும். பல மரபணுக்கள் சேர்ந்து தரும் தாங்குதிறனில் புள்ளிகள் வரத்தான் செய்யும், ஆனால் சிறியதாக, குறைவாக வரும். நீண்ட காலம் நிலைக்கும். மேற்கு ஆப்பிரிக்க ரகமான மொரோபெரேகான் இதற்குப் பெயர் போனது.

ஆகவே இரண்டு ஏக்கருக்கு மேல் இருந்தால் இரண்டு ரகம் வையுங்கள், அவற்றின் பெற்றோர் வேறுவேறாக இருக்கட்டும். பெயர் வேறாக இருப்பது மட்டும் போதாது. ஆடுதுறை 43-ம் ஐ.ஆர். 50-ம் வைத்தால் தாயும் பிள்ளையும் ஒரே வயலில் நின்ற கணக்குத்தான்.

நான்காம் படி: வீட்டிலேயே ஒரு நோய்ப் பாத்தி

இந்தப் படியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் வெளியீட்டுக் குறிப்பு எழுதியபோது இருந்த பூஞ்சாண வகையும் இன்று உங்கள் ஊரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சி நிலையங்களில் செய்வதையே சின்னதாகச் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகையில், பனியும் மழையும் கலந்து வரும் நேரத்தில், முக்கிய வயலிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு கட்டில் அளவு மேட்டுப்பாத்தி போடுங்கள். அரை மீட்டர் நீளத்துக்கு வரிசைகள், வரிசைக்கு வரிசை 10 செ.மீ. இடைவெளி. ஒவ்வொரு வரிசையிலும் நீங்கள் சோதிக்க நினைக்கும் ஒரு ரகம், சுமார் 5 கிராம் விதை. ஐந்து வரிசைக்கு ஒரு முறையும், பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசையும், நோய் எளிதில் பிடிக்கும் ரகத்தை விதையுங்கள். கோ 39 கிடைக்காவிட்டால் ஐ.ஆர். 50 போதும். யூரியாவை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டு, சாயங்காலம் இலை நனையும்படி தண்ணீர் தெளித்து விடுங்கள். குலைநோய்க்கு இலையில் இரவெல்லாம் ஈரம் நிற்க வேண்டும், குளிர்ச்சியும் தழைச்சத்தும் வேண்டும். சாதாரண வயலில் எதையெல்லாம் தவிர்க்கிறோமோ அதையெல்லாம் இங்கே வேண்டுமென்றே செய்கிறோம்.

25 முதல் 30 நாளில் பாருங்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பெண் முறை 0 முதல் 9 வரை. புள்ளியே இல்லையென்றால் 0. குண்டூசி முனை அளவு பழுப்புப் புள்ளி மட்டும் என்றால் 1. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம் என்றால் 3. கண் வடிவப் புள்ளி 3 மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிட்டால் 4-ம் அதற்கு மேலும். இலைப்பரப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டால் 9. மூன்றுக்குள் நிற்கும் ரகத்தைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். சுற்று வரிசையிலேயே நோய் வரவில்லையென்றால் அந்த வருடச் சோதனை செல்லாது. அதை வைத்து எந்த ரகத்தையும் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள்.

மதிப்பெண் போட்டவுடன் பாத்தியைப் பிடுங்கிக் குழியில் புதைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் பக்கத்து வயல்காரருக்கு நீங்கள் நோயை வளர்த்துக் கொடுத்ததாகிவிடும். இன்னொன்று, நாற்றில் தாங்கிய ரகம் கழுத்துக் குலைநோயையும் கட்டாயம் தாங்கும் என்று சொல்ல முடியாது. கதிர் வந்த பிறகு வயலில் ஒரு முறை பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஐந்தாம் படி: விதைக்கு நிற்கும் தாய்ச் செடி

விதையைச் சொந்தமாக எடுப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விதையை வைத்துக்கொள்ள, விதைக்க, மாற்றிக்கொள்ள, வணிகப் பெயர் ஒட்டாமல் விற்கக்கூட உழவருக்கு உரிமை தந்திருக்கிறது. ஆனால் வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் தாய் குணம், தகப்பன் குணம் எல்லாம் பிரிந்து கலைந்துவிடும், எதிர்ப்பும் சேர்ந்து சிதறும்.

ஆடுதுறை 43 மாதிரி தூய வரிசை ரகத்தில் எல்லாச் செடிக்கும் மரபு ஒன்றுதான். அங்கே நல்ல செடியைத் தேர்ந்தெடுப்பது நோயில்லாத விதைக்காக மட்டும். பழைய நாட்டு ரகம் பெரும்பாலும் பல மரபுகளின் கலவை. ஒரே வயலில், ஒரே நோயில், பக்கத்துச் செடி சாய்ந்துகிடக்க ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றால், அது மரபிலேயே வேறாக இருக்கலாம். அந்தக் கதிரைத் தனியே எடுத்து வருடா வருடம் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் எதிர்ப்பு உண்மையிலேயே கூடும். பாரம்பரிய ரகத்தின் பலம் என்று சொன்னது இதைத்தான்.

வயலுக்கு மூன்று முறை இறங்குங்கள்: தொண்டை உருளும்போது (கதிர் உறைக்குள் திரளும்போது), பூக்கும்போது, மணி முற்றும்போது. வரப்போரம், வாய்க்கால் மடை, மர நிழல், சாணிக் குப்பை கொட்டிய இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு வயலின் நடுப்பகுதியில் தேடுங்கள். கலவன் செடிகளையும், நெற்பழம் தெரியும் செடிகளையும் பிடுங்கி வெளியே கொண்டுபோங்கள். கண்ணாடி இலையும் (கதிருக்கு அடுத்துள்ள கடைசி இலை) கழுத்தும் மணியும் சுத்தமாக இருக்கும் செடிக்குத் துணி நாடா கட்டி வையுங்கள். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறுவதால் பக்கத்து ரகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளியிருந்தால் போதும்.

கம்பும் மக்காச்சோளமும் அப்படி இல்லை. அவற்றில் தகப்பன் காற்றில் வருகிறான். நோயுற்ற செடியை அறுவடைக்கு முன்னால் நீக்குவதில் பயனில்லை. அதற்குள் அதன் மகரந்தம் உங்கள் நல்ல தாய்ச் செடிக்குப் போய்விட்டிருக்கும். பூப்பதற்கு முன்பே நீக்க வேண்டும். அடுத்த ரகம் குறைந்தது 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கம்பில் தகப்பன் செய்யும் இன்னொரு உதவி பலருக்குத் தெரியாது. தேனொழுகல் நோயின் பூஞ்சாணம் சூல்முடி வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. மகரந்தம் சரியான நேரத்தில் விழுந்துவிட்டால் சூல்முடி சீக்கிரம் வாடி அந்த வழி அடைபட்டுவிடும். பூக்கும் நேரத்தில் அடைமழை பெய்து மகரந்தம் பறக்காவிட்டால் தேனொழுகல் கூடுவதற்கு இது ஒரு காரணம். வயலில் எல்லாக் கதிரும் ஏறக்குறைய ஒன்றாகப் பூக்க வேண்டும், மகரந்தம் தாராளமாக இருக்க வேண்டும். ஒரே நாளில் விதைத்து முடிப்பது இதற்கு உதவும்.

சோளம் போடுகிறவர்கள் மணியின் நிறத்தைக் கவனியுங்கள். மணி முற்றும்போது மழை பிடித்தால் வெள்ளைச் சோளத்தில் கதிர்ப்பூஞ்சாணம் சீக்கிரம் படியும். மேல்தோலுக்கு அடியில் டானின் உள்ள நிற அடுக்கு இருக்கும் சோளங்கள் அதைத் தாங்கும். அந்த அடுக்கும் மேல்தோலும் தாயின் திசு. அதனால் ஒரே செடியின் கதிரில் எல்லா மணியும் ஒரே நிறமாக இருக்கும், தகப்பனின் மகரந்தத்தால் அந்த வருடம் நிறம் மாறாது. தகப்பன் என்ன கொடுத்தான் என்பது அடுத்த வருடச் செடியின் கதிரில்தான் தெரியும்.

தாய்ச் செடியின் சாப்பாட்டையும் மறக்கக் கூடாது. தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்த செடியில் குலைநோய் கூடும். சாம்பல் சத்து குறைந்தால் செம்புள்ளி கூடும். நெல் உமியில் சிலிக்கா படிந்து பூஞ்சாணத்துக்குத் தடையாக இருக்கிறது, உமிச் சாம்பலை நாற்றங்காலில் சேர்ப்பது அதற்கு உதவும்.

ஆறாம் படி: களத்திலிருந்து நாற்றங்கால் வரை

நாடா கட்டிய செடிகளைத் தனியாக அறுத்து, கையால் அடித்து, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் காயவைத்து, ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு வந்ததும் பையில் கட்டுங்கள். உச்சி வெயில் வேண்டாம்.

விதைப்பதற்குச் சில வாரம் முன்னால் ஒரு சோதனை. மூடியுள்ள தட்டில் நனைத்த உறிஞ்சுதாளை விரித்து, 25 மணிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்குங்கள். இப்படி நாலு தட்டு. ஏழு நாள் கழித்து மூடியைத் திறந்து உருப்பெருக்கியில் பாருங்கள். உமியின் மேல் கறுத்த பழுப்பு நிறத்தில் குத்துக்குத்தாக மயிர்போல எழும்பியிருந்தால் செம்புள்ளிப் பூஞ்சாணமாக இருக்கலாம். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பஞ்சுபோல் படர்ந்திருந்தால் வேறு வகை. எதுவானாலும், நூற்றில் பத்து, பதினைந்து மணி இப்படி இருந்தால் அந்த விதையைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு விதை தேடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து உப்புக் கரைசல். முட்டை மிதந்து நாணய அளவு வெளியே தெரியும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டுங்கள். மிதக்கும் கருக்காயையும் அரைமணியையும் அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். தாய் சரியாக ஊட்டாத மணியும் பூஞ்சாணம் தின்ற மணியும் இதிலேயே பெரும்பாலும் கழிந்துவிடும். கம்பில் தேனொழுகல் கட்டிகளை நீக்கவும் இதே வழிதான்: 10 லிட்டருக்கு ஒரு கிலோ உப்பு.

விதை நேர்த்திக்கு, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா). அல்லது 2 கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக் கொல்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊறவைத்தல். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மருந்து கலந்த விதை மிஞ்சினால் கோழிக்கும் போடக் கூடாது.

சொந்த விதையையே வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்காமல், மூன்று நாலு பருவத்துக்கு ஒரு முறை சான்று விதை வாங்கிப் புதுப்பியுங்கள். நீல அட்டை சான்று விதை, வெள்ளை அட்டை ஆதார விதை, மஞ்சள் அட்டை வல்லுநர் விதை.

ஆர்வமுள்ளவர்களுக்கு: நீங்களே சேர்த்துப் பார்க்க

நோய்ப் பாத்தியில் நன்றாகத் தாங்கிய ஒன்றையும், அரிசி பிடித்த ஒன்றையும் சேர்த்துப் பார்க்க ஆசை வந்தால், தொட்டியிலேயே செய்யலாம். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கும்படி விதைப்பைத் தள்ளித் தள்ளிச் செய்யுங்கள். தாயாக நிற்கும் கதிரில், சாயங்காலம், இன்னும் மலராத பூக்களின் உமியில் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் மெல்லிய இடுக்கியால் எடுத்துவிடுங்கள். எண்ணெய்த்தாள் உறை போட்டு மூடுங்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் தகப்பன் கதிர் மலரும்போது அதைக் கொண்டுவந்து மேலே உதறி, மறுபடி மூடுங்கள். நாலு வாரத்தில் மணி முற்றிவிடும்.

அந்த மணியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. உமி தாயுடையது என்பதால் தாய் ரகம் மாதிரியே இருக்கும். விதைத்து, செடியில் தகப்பன் குணம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தால்தான் சேர்ந்ததா இல்லையா என்பது புரியும். இந்த முதல் தலைமுறையில் நோய் வந்தாலும் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலான குலைநோய் எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வேலை செய்யும். ஆனால் ஜப்பானிய மேட்டுநில நெல்லில் கண்ட பை-21 போன்ற சில, இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். இரண்டாம் தலைமுறையில்தான் எல்லாம் பிரிந்து தெரியும். ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வேலை செய்யும் ஒற்றை மரபணு என்றால் நாலு செடிக்கு மூன்று தாங்கும்; இரு பக்கத்திலிருந்தும் வர வேண்டியது என்றால் நாலுக்கு ஒன்றுதான். எதிர்ப்பும் பிடித்த அரிசியும் ஒரே செடியில் சேர்ந்து கிடைக்க இரண்டாம் தலைமுறையில் சில நூறு செடியாவது வேண்டும். அவற்றை நோய்ப் பாத்தியில் விட்டு, தாங்கியதைப் பிடுங்கி நட்டு, ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிப் பொட்டலத்தில் கட்டி, தாய் எது தகப்பன் எது என்று மேலே எழுதி வையுங்கள். ஆறேழு தலைமுறை இப்படித் தனி வரிசையாகவே போக வேண்டும். ஒரு வரிசைக்குள் எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நாளில் பூப்பு, ஒரே மதிப்பெண் என்று வந்த பிறகுதான் அந்த வரிசையின் விதையைப் பெருக்க ஆரம்பிக்கலாம்.